கள்ளக்கடல் கொடி பார்த்து வருவதில்லை

காற்றும் இல்லை, மழையும் இல்லை. வானம் தெளிந்திருக்கிறது. ஆனாலும் கடல் பொங்கிக் கரையேறி, மணலைத் தாண்டி வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறது. திருவனந்தபுரம் கடலோர மீனவர்கள் இதைத் தலைமுறைகளாகக் ‘கள்ளக்கடல்’ என்று அழைத்துவருகிறார்கள். கள்ளனைப் போல முன்னறிவிப்பின்றி வருவதால் அந்தப் பெயர். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் பெருங்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், பல நாள்கள் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் வந்தடைவதே இதற்குக் காரணம் என்று அறிவியல் பின்னர் விளக்கியது. 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. உழைக்கும் மக்களின் வாயில் பிறந்த சொல் ஆய்வுக்கூடத்தின் சொல்லாக உயர்ந்தது.

2024 மார்ச் 31 அன்று கள்ளக்கடல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மீனவர் குடியிருப்புகள் பலவற்றுள் புகுந்தது. அதே மாதத்தில்தான் வலியதுறையின் பழைய கடற்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கடலுக்குள் விழுந்தது. புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர உயர, அதே அலை இன்னும் சில அடி உள்ளே வரும். அந்த அலை செங்கொடி பறக்கும் வீட்டையும் மூவண்ணக் கொடி பறக்கும் வீட்டையும் காவிக் கொடி பறக்கும் வீட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் அதை எதிர்கொள்வது எப்படி என்ற பேச்சு தொடங்கியதும் மக்கள் கொடிகளின் கீழ் பிரிந்து நிற்கிறார்கள். பொதுவான ஆபத்து ஏன் பொதுவான செயலைப் பிறப்பிப்பதில்லை என்பது இன்று இடதுசாரி இயக்கத்தின் முன் நிற்கும் முக்கியமான அரசியல் கேள்வி.

அறியாமையா காரணம்?

மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் செயல்படுவார்கள் என்பதே வழக்கமான விடை. துண்டறிக்கை, கருத்தரங்கு, புள்ளிவிவரம், அச்சமூட்டும் படங்கள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து பிறப்பவை. இந்த விடை பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்காவில் டான் கஹானும் அவரது சக ஆய்வாளர்களும் நடத்தி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அறிவியல் அறிவு மிகுந்தவர்களிடையே காலநிலை மாற்றம் குறித்த பிளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைக் கண்டது. கற்றறிந்தவர் தமது கல்வியை உண்மையைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. தம் கூட்டத்தாரின் நிலைப்பாட்டை மேலும் திறமையாக வாதாடிக் காப்பதற்கும் பயன்படுத்துகிறார். எழுத்தறிவிலும் நாளிதழ் வாசிப்பிலும் முன்னணியில் நிற்கும் கேரளத்துக்கு இது புதிய செய்தியன்று. ஒவ்வொரு தேநீர்க்கடை மேசையிலும் நாள்தோறும் காணக்கூடிய காட்சி அது.

2014இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட ஆழமாகத் தோண்டியது. டியூக் பல்கலைக்கழகத்தின் டிராய் கேம்ப்பெல், ஏரன் கே ஆகிய இருவரும், மக்கள் பிரச்சினையை மறுப்பதற்குப் பல நேரங்களில் அதற்கு முன்வைக்கப்படும் தீர்வே காரணம் என்று காட்டினர். அரசின் கட்டுப்பாடுதான் தீர்வு என்று சொல்லப்பட்டபோது, அமெரிக்கக் குடியரசுக் கட்சியினர் புவி வெப்பமடைவதையே ஐயுற்றனர். சந்தை வழியான தீர்வு முன்வைக்கப்பட்டபோது அதே அறிவியலை அவர்கள் கூடுதலாக ஏற்றனர். மருந்து கசக்கும் என்று அஞ்சுபவர் நோயே இல்லை என்று சொல்லத் தலைப்படுகிறார். அவரிடம் நோயின் இலக்கணத்தை மீண்டும் மீண்டும் ஓதிப் பயனில்லை. மருந்தின் விலை என்ன, அதை யார் கொடுப்பது, யாரிடம் கேட்டு அதை முடிவு செய்தார்கள் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

மலையில் நிகழ்ந்த தவறு

இதற்கான சான்றுக்கு அமெரிக்காவரை போகத் தேவையில்லை. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத்தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு தன் அறிக்கையை 2011 ஆகஸ்டில் ஒன்றிய அரசிடம் அளித்தது. எந்தப் பகுதிக்கு எத்தகைய பாதுகாப்பு என்பதைக் கிராம சபைகளில் விவாதித்தே இறுதி செய்ய வேண்டும் என்பது அந்த அறிக்கையின் உயிர்நாடி. ஆனால் ஒன்றிய அமைச்சகம் அதை மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியிலான நீண்ட போராட்டத்துக்குப் பிறகே, 2012 மே மாதத்தில், அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. வந்த அறிக்கையும் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலமாக இருந்தது. மலையில் இஞ்சியும் ஏலமும் விளைவிக்கும் உழவரின் கையில் அறிக்கை சேரும் முன்னரே வதந்தி சேர்ந்துவிட்டது. வீடு கட்ட முடியாது, பயிரிட முடியாது, குடிபெயர வேண்டியிருக்கும் என்ற அச்சம் மலையெங்கும் பரவியது. கல்குவாரி முதலாளிகள் உழவரின் அந்த அச்சத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக மறைந்துகொண்டனர்.

அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு கேரளத்தின் 123 கிராமங்களைச் சூழல் கூருணர்வுப் பகுதியாக அடையாளம் காட்டியபோது, 2013 நவம்பரில் இடுக்கியும் வயநாடும் கோழிக்கோட்டு மலைப்பகுதிகளும் கொந்தளித்தன. நவம்பர் 18 அன்று இடது ஜனநாயக முன்னணி மாநிலம் தழுவிய கடையடைப்பை நடத்தியது. 2014 மக்களவைத் தேர்தலில் மலையோர எதிர்ப்பியக்கத்தின் சட்ட ஆலோசகரே இடது முன்னணியின் ஆதரவுடன் இடுக்கியில் வென்றார். காட்கில் அறிக்கையை ஆதரித்த காங்கிரஸ் உறுப்பினர் பி.டி.தாமஸுக்கு அவருடைய கட்சி மீண்டும் அத்தொகுதியை அளிக்கவில்லை. இடதுசாரி அணியிலும் வி.எஸ்.அச்சுதானந்தன் போன்ற சிலரின் மாற்றுக்குரல் எழவே செய்தது. அது தனிக்குரலாகவே நின்றது.

மலை உழவர்களின் அச்சம் பொய்யன்று. பட்டா இல்லாத நிலம், ஏறி இறங்கும் விளைபொருள் விலை, கடன் ஆகியவற்றின் நடுவே வாழ்பவருக்கு எந்தப் புதிய கட்டுப்பாடும் பறிப்பாகவே தோன்றும். அந்த அச்சத்தோடு நிற்பது இடதுசாரிகளின் கடமைதான். ஆனால் அச்சத்தோடு நின்றபடியே, அதைப் போக்கும் பணியையும் கையிலெடுத்திருக்க வேண்டும். சிறு உழவரின் நலனையும் கல்குவாரி முதலாளியின் நலனையும் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். அறிக்கையை மக்கள் மொழியில் ஆக்கி, கிராம சபையைக் கூட்டி, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளி, மாற்றுத் திட்டம் ஒன்றை மக்களைக் கொண்டே வகுத்திருக்க முடியும். 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம் கிராம சபைக்கு உயிரூட்டிய இயக்கத்துக்கு அது இயலாத செயலாக இருந்திருக்காது. ஆறாண்டுகளுக்கும் குறைந்த இடைவெளியில் 2018இன் பெருவெள்ளமும், 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை விழுங்கிய நிலச்சரிவும் வந்தன. இவ்விரு பேரழிவுகளுக்கும் ஓர் அறிக்கை நிராகரிக்கப்பட்டதை மட்டுமே காரணமாகச் சொல்வது எளிமைப்படுத்தல். ஆயினும் நடக்காமற்போன அந்த உரையாடலின் இழப்பு பெரிது என்பதைச் சுயவிமர்சனத்தோடு ஒப்புக்கொள்வதே இயக்கத்துக்கு அழகு.

அமைதிப் பள்ளத்தாக்கின் பாடம்

இதே கேரளத்தில் இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் குந்திப்புழையின் குறுக்கே அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருசேர ஆதரித்தன. தொழிற்சங்கங்களும் ஆதரித்தன. மலபாருக்கு மின்சாரம் தேவை, வேலை தேவை. ‘மனிதன் முக்கியமா, குரங்கு முக்கியமா’ என்ற கேள்வி அன்றைய மேடைகளில் ஒலித்தது. சிங்கவால் குரங்கைக் காட்டி மட்டும் அந்தக் கேள்வியை வென்றிருக்க முடியாது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வேறு வழியில் சென்றது. 1962இல் தோன்றிய அந்த அறிவியல் இயக்கத்தில் இடதுசாரி உள்ளம் படைத்தோர் நிறைந்திருந்தனர்; திட்டத்தை ஆதரித்த கட்சிகளுக்கு அவர்கள் அன்னியர் அல்லர். தாவரவியல் பேராசிரியர் எம்.கே.பிரசாத்தோடு எம்.பி.பரமேசுவரன் போன்ற பொறியியல் அறிவு உடையோரும், பொருளியல் அறிந்தோரும் சேர்ந்து அத்திட்டத்தை ஆய்ந்தனர். மலபாரின் மின்தேவையை அவர்கள் மறுக்கவில்லை. அந்தத் தேவையை நிறைவேற்ற வேறு வழிகள் எவை என்று கணக்கிட்டுக் காட்டினர். ஊர் ஊராகச் சென்று பேசினர். மறுபுறம், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சுகதகுமாரியும் பிற கவிஞர்களும் வேறொரு வாயில் வழியாக மக்களின் உள்ளத்தைத் தொட்டனர். கணக்கை நம்புவோருக்குக் கணக்கு, கவிதையை நம்புவோருக்குக் கவிதை. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். அமைதிப் பள்ளத்தாக்கில் மாற்றுக்கருத்து சொந்த வீட்டுக்குள்ளிருந்து, சொந்த மொழியில், தேவையை மதித்து எழுந்தது. மலையோர அறிக்கையோ மேலிருந்து, அயல்மொழியில், தேவைக்கு விடை சொல்லும் முன்னரே தடையாக வந்து இறங்கியது. மனித மனம் சொல்லப்படும் செய்தியை மட்டும் எடைபோடுவதில்லை. அதைச் சொல்பவர் யார் என்பதையும், அவர் தன்னை மதிக்கிறாரா என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறது.

விளப்பில்சாலை முதல் வீட்டு வாசல்வரை

தலைநகரமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றும் உண்டு. திருவனந்தபுரம் மாநகரின் குப்பை முழுவதும் அருகிலுள்ள விளப்பில்சாலை ஊராட்சிக்குச் சென்று கொட்டப்பட்டது. நாற்றத்தையும் கழிவுநீரையும் ஆண்டுக்கணக்கில் சுமந்த அந்த ஊரார், 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டினர். கட்சி வேறுபாடின்றி ஊரே திரண்டது. நகரத்தாரின் வசதிக்காக ஒரு கிராமம் ஏன் அழுக வேண்டும் என்ற நியாயத்தின் கேள்விக்கு நகரத்திடம் விடை இல்லை. அந்த நெருக்கடியே, குப்பையை அது பிறக்கும் இடத்திலேயே உரமாக்கும் பரவலாக்கப்பட்ட முறையை நோக்கி நகரைத் தள்ளியது. அழுகும் குப்பைமேட்டிலிருந்து எழும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பமூட்டும் வாயு. விளப்பில்சாலை மக்கள் ‘காலநிலை’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமலேயே ஒரு காலநிலைப் போராட்டத்தை நடத்தினார்கள்.

இன்று கேரளமெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று நெகிழிக் கழிவைத் திரட்டுகிறார்கள். தொடக்கத்தில் மாதக் கட்டணம் தர மறுத்துக் கதவைச் சாத்திய வீடுகள் பல. கதவு திறந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. மாதந்தோறும் வந்து நிற்பவர் அடுத்த தெருவின் பெண். பெயர் சொல்லி அழைக்கத்தக்கவர். எந்தக் கொடி பறக்கும் வீடாயினும் அவர் படியேறுகிறார். வல்லுநரின் உரையைவிட அண்டை வீட்டாரின் பழக்கமே மக்களை அசைக்கிறது என்ற உளவியல் உண்மை, அந்தப் பெண்களின் உழைப்பில் நாள்தோறும் மெய்ப்படுகிறது. அந்த உழைப்புக்கு முறையான ஊதியமும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வதும் காலநிலைச் செயல்பாட்டின் பகுதிதான்.

சுமை யார் தோளில்?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உளவியல் என்ற பெயரில் முழுச் சுமையையும் தனிமனிதரின் பழக்கத்தின்மேல் ஏற்றிவிடும் சூழ்ச்சியும் நடக்கிறது. ஒவ்வொருவரும் தமது ‘கார்பன் தடத்தை’ அளந்து பார்க்க வேண்டும் என்ற கருத்தை 2000களில் உலகெங்கும் விளம்பரப்படுத்தியது பி.பி. என்ற எண்ணெய்ப் பெருநிறுவனமே. உலகின் மிகப் பணக்கார ஒரு விழுக்காட்டினர் 2019இல் வெளியிட்ட கரியமிலவாயு, ஏழைகளான 66 விழுக்காட்டினர் வெளியிட்டதற்கு இணையானது என்கிறது ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் கணக்கு. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு ‘அனைவரும் தியாகம் செய்வோம்’ என்று அழைத்தால், உழைக்கும் மக்கள் அந்த அழைப்பைச் சரியாகவே சந்தேகிப்பார்கள். செல்வவரியை நீக்கிய பிரான்ஸ் அரசு, சூழல் பாதுகாப்பின் பெயரால் எரிபொருள் வரியை உயர்த்த முனைந்தபோது, 2018 நவம்பரில் மஞ்சள் மேலங்கி அணிந்த மக்கள் சாலைகளை மறித்தார்கள். அவர்கள் மறுத்தது அறிவியலை அன்று, அநீதியை. அத்தகைய கோபத்தை நியாயத்தின் பக்கம் திரட்ட இடதுசாரிகள் முன்வராத இடத்தில், வலதுசாரிகள் அதைப் பொய்யின் பக்கம் திரட்டிக்கொள்கிறார்கள்.

திருவனந்தபுரம் கடற்கரையில் இந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையின் சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகப் பணிகளை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் உள்ளே அந்தக் கிடங்கின் கோபமும் இருந்தது. அரிப்புக்குத் துறைமுகம் காரணமா இல்லையா என்ற அறிவியல் கேள்வி, எந்த அணியில் நிற்பது என்ற கேள்வியாக மாறிப்போனது. துறைமுக ஆதரவு மேடையில் இடதுசாரித் தலைவரும் பாஜக தலைவரும் சேர்ந்து நின்ற காட்சி, வீடிழந்தவரின் மனத்தில் என்ன பதிவை விட்டிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடிவுக்கு வந்தது. கரையோரக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் வழங்கும் ‘புனர்கேஹம்’ திட்டமும் வாடகை உதவியும் இடதுசாரி அரசு செய்த மெய்யான பணிகள். எனினும் கடலருகே வாழ்வது மீனவருக்குத் தொழிலின் தேவை. வீடு கிடைத்தவரின் மனமும் வலையும் படகும் கரையிலேயே இருக்கின்றன. அவரிடம் கேளாமல் எடுக்கப்படும் நல்ல முடிவும் அவருக்கு அன்னியமாகவே இருக்கும்.

மௌனத்தின் பின்னால் இருப்பவர்கள்

அந்தக் கடலோர மக்களிடம் ஒற்றுமைக்கான மனம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் குமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஒரே துயரில் ஆழ்ந்தன. அந்தக் காயம் ஆறும் முன்னரே, 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் விரைந்தார்கள். அரசுக் கணக்கின்படி 669 படகுகளில் சென்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டார்கள். மூழ்கும் வீட்டின் கூரையில் நின்றவரிடம் எவரும் கட்சியையோ மதத்தையோ கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஒற்றுமை ஏன் வடிந்தது? மின்னல்போல் வரும் பேரிடர் மனிதரை ஒன்றுசேர்க்கிறது. மெல்ல வரும் பேரிடருக்கு அந்த ஆற்றல் இல்லை. அங்கே ஒற்றுமையை அமைப்பாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுவதற்கான அடித்தளம் வலுவாகவே இருக்கிறது. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் கருத்துக் கேட்டு 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 69 விழுக்காட்டினர் தமது மாத வருமானத்தில் ஒரு விழுக்காட்டைக் காலநிலைப் பணிக்குத் தர இசைந்தனர். 89 விழுக்காட்டினர் தம் அரசு மேலும் செயல்பட வேண்டும் என்றனர். ஆனால் பிறர் எத்தனை பேர் பணம் தர முன்வருவார்கள் என்று கேட்டபோது, உண்மையைவிட மிகக் குறைவாகவே மதிப்பிட்டனர். அண்டை வீட்டார் அக்கறையற்றவர் என்று ஒவ்வொருவரும் எண்ணி மௌனம் காக்கிறார்கள். ஒருவரது மௌனம் மற்றவரது ஐயத்துக்குச் சான்றாகிறது. இந்த மௌனத்தை உடைப்பதே முதல் அரசியல் பணி. வயநாட்டுப் பேரிடருக்குப் பின் கேரள சட்டமன்றம் ஒன்றிய அரசின் உதவி கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மானியமாகக் கேட்டதற்கு ஒன்றிய அரசு 529.50 கோடி ரூபாயைக் கடனாக அளித்தபோது எழுந்த கண்டனமும் இரு முன்னணிகளுக்கும் பொதுவானதே. இழப்பீட்டுக்காக ஒன்றுபட முடிந்தவர்களால், இழப்பைத் தடுப்பதற்காகவும் ஒன்றுபட முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கடலோர ஊராட்சிகளிலும் மாநகரின் கடலோர வட்டங்களிலும் காலநிலைக்கெனத் தனி மக்கள் சபைகள் கூட்டப்பட வேண்டும். கடலரிப்பு குறித்த ஆய்வறிக்கைகள் முழுமையாக மலையாளத்திலும், குமரிக் கரைக்காகத் தமிழிலும் வெளியிடப்பட்டு அங்கு விவாதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, தீர்வின் செலவை யார் ஏற்பது என்பது தீர்வோடு சேர்த்தே அறிவிக்கப்பட வேண்டும். உழவருக்கும் மீனவருக்கும் இழப்பு நேருமெனில், இழப்பீடு முதலில், கட்டுப்பாடு பிறகு. மூன்றாவது, எச்சரிக்கை மக்களின் வாய்மொழியில் வர வேண்டும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரைக் கடல் கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. அது கரையில் நின்றவரின் காதை எட்டவில்லை. மீனவரையே தூதராக்கும்போது எச்சரிக்கை செவியை எட்டுகிறது என்பதை, திருவனந்தபுரத்தில் மீனவர்களோடு சேர்ந்து வானிலைச் செய்தியை அவர்கள் பேச்சில் சொல்லிவரும் ‘ரேடியோ மன்சூன்’ முயற்சி காட்டுகிறது.

நான்காவது, எல்லாவற்றினும் கடினமானது. செங்கொடி பறக்காத வீட்டின் படியையும் தோழர்கள் ஏற வேண்டும். அங்கே தேவாலயத்தை நம்பும் மீனவர் இருப்பார். கோவிலை நம்பும் நெசவாளர் இருப்பார். மாற்றுக்கட்சித் தொழிலாளி இருப்பார். அவர்களது நம்பிக்கையை வெல்வதற்காக அல்லாமல், கிணற்றில் உப்பேறுகிறதா, மீன் எந்த மாதத்தில் வருகிறது, வெயிலில் வேலைநேரம் எப்படி என்று கேட்பதற்காகச் செல்ல வேண்டும். கேட்கப்பட்டவர் பேசுவார், பேசியவர் முடிவில் பங்கேற்பார், பங்கேற்றவர் முடிவைக் காப்பார். மக்கள் திட்ட இயக்கமும் எழுத்தறிவு இயக்கமும் வெற்றிபெற்ற வழி இதுவே.

கடலுக்கு ‘கள்ளக்கடல்’ என்று பெயர் வைத்த மீனவர்களிடமிருந்து அறிவியல் ஒரு சொல்லைக் கற்றது. அவர்களிடமிருந்து அரசியல் கற்க வேண்டியது இன்னும் மிகுதி. அடுத்த அலை புறப்பட்டுவிட்டதா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அது வந்து சேரும் நாளில், அண்டை வீட்டாரோடு முன்பே பேசியிருந்த ஊர்தான் தாங்கி நிற்கும்.